மணல் எழுதிய வரலாறு



கடல் பொங்கி எழுந்து ஊரைக் கொள்வதைக் 'கடல்கோள்' என்றனர் நம் முன்னோர். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலைக் காப்பியம் கூறுகிறது. இன்று நாம் இதனைச் சுனாமி என்றும் ஆழிப்பேரலை என்றும் வழங்குகிறோம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள். சுமத்ராத் தீவருகே கடலடியில் எழுந்த நிலநடுக்கத்தால் உண்டான பேரலைகள், ஏறத்தாழ 2 மணி நேரத்தில் தமிழகக் கரையைத் தாக்கின. வேளாங்கண்ணி அன்னையை நாடி வந்த திருப்பயணிகள் பலரும் அன்று மாண்டனர். இத்தகைய துன்பம் இதற்குமுன் நேர்ந்ததில்லையா? நேர்ந்ததுண்டு என்று மண்ணே சான்று பகர்கிறது.

மண்ணைப் படிக்கும் முறை

பேரலை கடலடி மணலையும் நுண்ணிய சிப்பிகளையும் வாரி வந்து நிலத்தில் பரப்பிவிட்டுத் திரும்புகிறது. நாளடைவில் அதன்மேல் வேறு மண் படிகிறது. பிற்காலத்தில் தோண்டிப் பார்த்தால், பட்டுச் சேலையில் ஓடும் கரையைப்போல அந்த மணல் தனித்துத் தெரியும். அதன் மேலும் கீழும் கிடைக்கும் கரித்துண்டுகளில் எஞ்சியுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து காலத்தைக் கணிக்கின்றனர்.

சுமத்ராவின் ஆச்சே கடற்கரையில் ஒரு குகை உண்டு. அங்கே மணல் அடுக்குகளுக்கு இடையே வௌவால் எச்சம் படிந்துள்ளது. 7,400 ஆண்டுகளுக்கும் 2,900 ஆண்டுகளுக்கும் முற்பட்ட இடைக்காலத்தில் குறைந்தது 11 பேரலைகள் வந்ததை அவ்வடுக்குகள் காட்டுகின்றன. ஒரு சமயம் 2,000 ஆண்டுகளுக்குமேல் கடல் அமைதியாயிருந்தது. மற்றொரு சமயம் ஒரே நூற்றாண்டுக்குள் பல பேரலைகள் வந்தன. கடலின் அமைதியை நம்பி இருந்துவிட முடியாது என்பது இதனால் விளங்கும்.

பண்டை மக்கள் பட்ட துயரம்

ஏறத்தாழ 8,150 ஆண்டுகளுக்கு முன் நார்வே நாட்டருகே கடலடி நிலம் பெருமளவில் சரிந்து பேரலை எழுந்தது. மணலுக்கடியில் பசுமை மாறாமல் புதைந்த பாசிகளின் வளர்ச்சியைக் கொண்டு, அது குளிர்காலத் தொடக்கத்தில் நடந்தது என்று கண்டறிந்துள்ளனர். மீன்பிடித்தும் வேட்டையாடியும் கரையோரம் வாழ்ந்த அம்மக்கள், படகும் குடிசையும் சேமித்த உணவும் இழந்து கடுங்குளிரை எவ்வாறு கழித்தனரோ! அலைக்குத் தப்பியவரையும் பசி விட்டிருக்காது.

நம் கரையிலும் இத்தகைய தடயம் உண்டு. நம் வெம்பாக்கத்திலிருந்து காஞ்சிபுரம், செங்கற்பட்டு வழியாகச் சென்றால் மாமல்லபுரத்தை அடையலாம். அதற்கு வடக்கேயுள்ள சாளுவன்குப்பத்தில், 2004ஆம் ஆண்டுப் பேரலை மணலை அரித்தபோது கல்வெட்டுள்ள பாறை ஒன்று வெளிப்பட்டது. இந்தியத் தொல்லியல் துறையினர் 2005இல் அங்கு அகழ்ந்தபோது பல்லவர் காலத்து முருகன் கோயிலும், அதன் அடியில் அதனினும் பழைமையான செங்கற் கோயிலும் கிடைத்தன. இவை கடல் அலைகளால் அழிந்திருக்கலாம் என்பது அகழாய்வாளர் கருத்து. கீழே ஒரு கோயில் அழிந்த இடத்திலேயே மேலே மற்றொன்றை எழுப்பினர் மக்கள். அவர்தம் மனவுறுதி போற்றத்தக்கது!

நினைவே காவல்

சுமத்ராவை அடுத்த சிமலூ தீவில் 1907இல் பேரலை வந்து பலரை மாய்த்தது. அத்தீவினர் அதனை மறக்கவில்லை. "நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடுங்கள்" என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்கு ஊட்டினர். 2004இல் நிலநடுக்கம் எழுந்தது அத்தீவின் அருகிலேதான். ஆயினும் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அங்கு மாண்டவர் எழுவரே!

நாம் கடலுக்குத் தொலைவில் வாழ்பவர்கள். எனினும் திருப்பயணமாகவும் சுற்றுலாவாகவும் கடற்கரைக்குச் செல்கிறோம். திடீரெனக் கடல் உள்வாங்கினால் சிப்பி பொறுக்கச் செல்லலாகாது. உடனே மேட்டை நாடவேண்டும். உடனிருப்போரையும் அழைத்துச் செல்லவேண்டும். இதனை வீட்டிலுள்ள தம்பி தங்கையர்க்கும் சொல்லி வைப்போம். மணல் காத்த நினைவை மனிதர் மறக்கலாமா?