"கணக்கு அண்ணனுக்குத்தான் வரும்!"

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். யு.கே.ஜி. வரை ஆசையாக எண்ணிக் கூட்டியவள், இப்போது கணக்கு நோட்டைத் திறந்தாலே, "இது அண்ணனுக்குத்தான் வரும், எனக்கு வராது" என்று மூடிவிடுகிறாள். பெற்றோர் கூட்டத்தில் டீச்சரும், "பெண் குழந்தைதானே, மொழிப் பாடத்தில் நன்றாக வருவாள்" என்றார். எனக்கும் பள்ளியில் கணக்கு வரவில்லை. அதுதான் இவளுக்கும் வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.
- எஸ்.ஆர்., கரமனை, திருவனந்தபுரம்

பதில்: பயப்படாதீர்கள், அம்மா. பெண்ணாகப் பிறந்ததால் யாருக்கும் கணக்கு வராமல் போவதில்லை. கணக்குப் பாடக் காணொளி பார்க்கும்போது 3 முதல் 10 வயதுவரையுள்ள பிள்ளைகளின் மூளை எப்படி இயங்குகிறது என்று ஸ்கேன் செய்து பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. அதில் ஆண், பெண் வேறுபாடு தென்படவில்லை.

அப்படியானால் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? பிரான்சில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து 2025-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒன்றாம் வகுப்பில் நுழையும்போது இருபாலரும் ஏறத்தாழச் சமம். நான்கே மாதங்களில் ஆண்பிள்ளைகள் முந்திவிட்டார்கள். வயதைவிட, பள்ளியில் கழிந்த நாட்களோடு சேர்ந்தே அந்த இடைவெளி வளர்ந்தது.

வகுப்பறையில் என்னதான் நடக்கிறது? கணித அச்சம் (எண்களைக் கண்டதும் எழும் பதற்றம்) மிகுந்த ஆசிரியைகளிடம் படித்த சிறுமிகள் சிலர், ஆண்டு முடிவில் "கணக்கு பையன்களுக்குரியது" என்று நம்பத் தொடங்கியதையும், அவர்களின் மதிப்பெண் குறைந்ததையும் 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. பையன்களிடம் அந்தப் பாதிப்பு இல்லை. பாராட்டும் இப்படித்தான் பிரிந்து போகிறது. சரியாகப் போட்ட பையனை "மூளைக்காரன்" என்கிறோம். அதே கணக்கைப் போட்ட பெண்ணிடம் "நோட்டு எவ்வளவு அழகு!" என்கிறோம். குழந்தை இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியவை:

1. "எனக்குக் கணக்கே வராது" என்று அவள் காதுபட இனிச் சொல்லாதீர்கள். "இரு, சேர்ந்து யோசிப்போம்" என்று சொல்லுங்கள்.

2. அவள் ஏற்கெனவே செய்யும் கணக்கைக் கணக்கு என்றே அழையுங்கள். வாசலில் நேர்ப்புள்ளிக் கோலம் போடும்போது 1, 3, 5, 3, 1 என்று புள்ளி வைக்கச் சொல்லி, மொத்தம் எத்தனை என்று கேளுங்கள், 13. 1, 3, 5, 7, 5, 3, 1 என்று நடுவரிசையில் 7 வந்தால்? அவளே எண்ணிக் கண்டுபிடிக்கட்டும். ஓணத்தில் அத்தப்பூக்களத்தை எட்டுச் சம பங்காகப் பிரிப்பதும், சாலைக் கடைத்தெருவில் மீதிச் சில்லறையைச் சரிபார்ப்பதும் கணக்குதான். அண்ணனையும் உட்காரவைத்துப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

3. டீச்சரிடம் குறையாகச் சொல்லாமல் வேண்டுகோளாகப் பேசுங்கள். கணக்கு வகுப்பில் பையன்களுக்கு இணையாக இவளையும் அழைத்து, பதிலுக்குச் சற்றுக் காத்திருந்தால் போதும். கேரள அரசின் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் 2024-இல் அப்பா தேங்காய் துருவும் படம் வந்ததே, நினைவிருக்கிறதா? அடுக்களை அம்மாவுக்கு மட்டும் உரியதல்ல என்று காட்டிய பள்ளிக்கூடம், கணக்கு அண்ணனுக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் ஏற்கும்.

4. உங்கள் ஊர் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் பணியாற்றி, பின்னர் இஸ்ரோவின் மனித விண்வெளித் திட்ட இயக்ககத்துக்குத் தலைமை ஏற்ற வி.ஆர். லலிதாம்பிகாவைப் பற்றிச் சொல்லுங்கள். கடையில் பில் போடும் அக்காவையும் காட்டுங்கள்.

இவற்றுக்குப் பிறகும், ஏழெட்டு வயதில் சிறு எண்களில் எது பெரியது என்று சொல்லவே தடுமாறினால், டிஸ்கால்குலியா (எண்களைப் புரிந்துகொள்வதில் உள்ள கற்றல் குறைபாடு) இருக்கிறதா என்று குழந்தைகள் மருத்துவரிடம் கேளுங்கள். அது பையன்களுக்கும் வரும். உரிய பயிற்சியால் முன்னேற்றமும் உண்டு.

நடுவரிசையில் 7 வைத்த கோலத்துக்கு அவள் "25" என்று சொல்லும் நாளில், "கோலம் அழகு" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "நீ கணக்குப் போட்டுவிட்டாய்" என்றும் சொல்லுங்கள்.