தாருக்கும் மண்ணுக்கும் ஒரே டயர்

நம் கல்லூரி வாயிலருகே வேப்பமர நிழலில் நிற்கும் இருசக்கர வண்டிகளுள் ஐந்தாறு வண்டிகள் மட்டும் மற்றவற்றைவிட ஒரு சாண் உயர்ந்து நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நெடிய முன் ஃபோர்க், பெரிய முன் சக்கரம், கொக்கின் அலகுபோல் நீண்ட மட்கார்டு. 'அட்வென்ச்சர் பைக்' என்று நண்பர்கள் இவற்றை அழைக்கின்றனர். தார்ச் சாலையிலும் ஓடும், தார்ச் சாலை முடிந்த இடத்திலும் ஓடும் என்பதே இவற்றின் பெருமை. 1980இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் வெளியிட்ட ஆர் 80 ஜி/எஸ் என்ற வண்டியை இவ்வினத்தின் முன்னோடியாகச் சொல்வர். அப்பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளும் 'மேடுபள்ள நிலம்', 'சாலை' எனப் பொருள்படும் இரு ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகளே. மறு ஆண்டே அது பாரிஸ்–டக்கார் பாலைவனப் போட்டியில் வென்றது. நம் நாட்டில் 2016இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனும், 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வண்டியும் இவ்வகையை மாணவர் கைக்கு எட்டச் செய்தன. ஹிமாலயன் சென்னையை அடுத்த ஆலைகளில் உருவாவது என்பதால் நமக்கு அதன்மேல் சற்றுக் கூடுதல் பாசமும் உண்டு.

என் வகுப்புத் தோழர் ஒருவர் சென்ற ஆண்டு 411 சி.சி. ஹிமாலயன் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினார். வண்டி நல்ல வண்டி. டயர்கள் மட்டும் தேய்ந்திருந்தன. மே மாத விடுமுறையில் இமாசலப் பிரதேசத்து ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போய்வர வேண்டும் என்பது அவர் ஆசை. பெரிய பெரிய ரப்பர்க் கட்டைகள் துருத்தி நிற்கும் பட்டன் டயர் ஒன்றின் படத்தைக் காட்டி, "இதைத்தான்டா மாட்டப் போறேன்" என்றார். அவரோ நாள்தோறும் 26 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவே, மழையானாலும் வெயிலானாலும் கல்லூரிக்கு வருபவர். ஞாயிறுதோறும் தம் தாயாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர். வேண்டாம் என்றேன். விடுதி அறையில் தொடங்கிய வாதம் மூன்று நாள் நடந்தது. இயற்பியல் படிப்பவன் என்ற முறையிலும், விடுமுறைகளில் என் மாமாவின் டயர் கடையில் வேலை செய்பவன் என்ற முறையிலும் அப்போது நான் சொன்னவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில், டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்தைப் படிக்கத் தெரியவேண்டும். 90/90-21 54எஸ் என்று இருந்தால், முதல் 90 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது 90 அதன் உயரம். ஆனால் இது மில்லிமீட்டர் அன்று, அகலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, அதாவது 81 மி.மீ. 21 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மூன்று அளவுமுறைகளைக் கலந்து வைத்தவர் யாரோ தெரியவில்லை. அளவியல் தேர்வில் இப்படி எழுதினால் நம் பேராசிரியர் மதிப்பெண் தரமாட்டார். 54 என்பது சுமைக் குறியீடு. அது 54 கிலோ அன்று. அட்டவணையில் பார்த்தால் 212 கிலோ. பின் டயரில் 64 என்றிருந்தால் 280 கிலோ. 'எஸ்' என்ற எழுத்து மணிக்கு 180 கி.மீ. வேகம் வரை தாங்கும் என்பதைக் குறிக்கும். 'பி' என்றால் 150, 'க்யூ' என்றால் 160.

இவற்றைவிட முக்கியமான நான்கு இலக்கங்கள் ஒரு சிறு வட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ரப்பர் கடையில் தொங்கும்போதும் முதுமை அடைகிறது, இறுகிப் போகிறது. தள்ளுபடி விலையில் கிடைக்கும் டயரை வாங்குமுன் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். பட்டன் ஆழம் பார்த்தால் புதிது. கை நகத்தால் அழுத்தினால் கல்.

இனி வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். வண்டியின் எடை ஏறத்தாழ 200 கிலோ. தோழர் 65, அவர் தாயார் 55, பை 10 என்று கொண்டால் மொத்தம் 330 கிலோ. இதில் நூற்றுக்கு அறுபது பங்கு, அதாவது ஏறத்தாழ 200 கிலோ, பின் சக்கரத்தின் மேல் விழும். காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ. 200ஐ 2.25ஆல் வகுத்தால் 89 சதுர சென்டிமீட்டர். டயரின் சுவரும் சிறிது தாங்குவதால் இது தோராயக் கணக்குதான். எனினும் உண்மைக்கு அருகில் உள்ளது. ஓர் அஞ்சலட்டையின் பரப்பு 126 சதுர சென்டிமீட்டர். ஆக, தாயும் மகனும் நெடுஞ்சாலையில் போகும்போது பின் சக்கரம் தரையைப் பற்றியிருப்பது ஓர் அஞ்சலட்டைக்கும் குறைவான இடத்தில்!

பட்டன் டயரில் அந்த இடத்திலும் பெரும்பகுதி வெற்றுப் பள்ளம். மண்ணிலும் சேற்றிலும் அந்தப் பள்ளம்தான் அதன் பலம். கட்டைகள் மண்ணுக்குள் பல்லைப்போல் இறங்கிக் கவ்வுகின்றன. பள்ளத்தில் அடைந்த சேறு சுழற்சியில் வெளியே எறியப்படுகிறது. தார் அப்படி இடங்கொடுக்காது. அங்கே கட்டையின் முனை மட்டுமே தரையைத் தொடும்; பிரேக் பிடிக்கும்போது உயர்ந்த கட்டை வளைந்து நெளியும்; நனைந்த தாரில் பிடிப்பு இன்னும் குறையும். நெளிவதால் சூடேறி விரைவில் தேயவும் செய்யும். எங்கள் கடையில் பல ஆண்டுகளாக டயர் மாட்டும் அண்ணன் ஒருவர் இதை என்னைவிட எளிதாகச் சொல்லிவிட்டார்: "தம்பி, சேத்துல இறங்கறதுக்கு வெறுங்கால் நல்லது, முள்ளுல நடக்கச் செருப்பு நல்லது. ரெண்டுக்கும் ஒண்ணு கேட்டா ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம்தான் கிடைக்கும்."

கடைக்காரர்கள் 80-20, 50-50 என்று சொல்வது இந்தக் 'கொஞ்சம் கொஞ்சத்தை'த்தான். முன்னது சாலைக்கு, பின்னது மண்ணுக்கு. இது எந்தச் சோதனைச்சாலையும் அளந்து தந்த எண் அன்று, தயாரிப்பாளரின் மதிப்பீடு. ஹிமாலயனுடன் வந்த சியட் கிரிப் எக்ஸ்.எல். போன்றவை கட்டைகள் நெருங்கி, பள்ளம் குறுகியவை. காண்டினென்டல் டி.கே.சி. 80 போன்றவை கட்டைகள் விலகி நிற்பவை. இந்த இரண்டாவது வகையைத்தான் தோழர் விரும்பினார்.

"ஸ்பிதி என்ன நம்ம ஊர் பைபாஸா?" என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் மே மாதத்தில் மணாலிப் பக்கத்துக் குன்சம் கணவாய் பெரும்பாலும் பனியால் மூடிக் கிடக்கும். சிம்லா, கின்னோர் வழியாகத்தான் காசா போய்ச் சேர முடியும். அந்த வழியில் பெரும்பகுதி தார்தான், நடுநடுவே சரிந்த கற்களும் உடைந்த சாலையும். அதற்கு முன்பு நம்மூரிலிருந்து சிம்லா வரை 2,500 கிலோமீட்டருக்கும் மேல் நெடுஞ்சாலை. கட்டைகள் அங்கே பாதி தேய்ந்துவிட்டால் மலையில் கவ்வுவதற்கு என்ன மிஞ்சும்? பட்டன் டயரை எங்கே கழற்றுகிறோமோ அங்கே அது வேண்டியதாயிருக்கும். எங்கே ஓட்டுகிறோமோ அங்கே வேண்டாததாயிருக்கும்.

கரடுமுரடான பாதையில் இவ்வகை வண்டிக்குக் கைகொடுப்பது பட்டன் மட்டுமன்று என்பதையும் சொல்லவேண்டும். 21 அங்குல முன் சக்கரத்தின் மொத்த விட்டம் டயருடன் சேர்த்து ஏறத்தாழ 695 மி.மீ. சாதாரண வண்டியின் 17 அங்குலச் சக்கரம், 110/70 டயருடன், 586 மி.மீ. எதிரே 10 சென்டிமீட்டர் உயரக் கல் ஒன்று கிடக்கிறது எனக் கொள்வோம். சக்கரத்தின் மேலுள்ள சுமை 100 என்றால், கல்லின் மேல் ஏறப் பெரிய சக்கரத்துக்கு ஏறத்தாழ 99 பங்கு விசை வேண்டும், சிறியதற்கு 114. (திருப்புத்திறன் படித்த முதலாண்டு மாணவர் இதைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.) ஆகவே, அழகுக்காகச் சக்கர அளவை மாற்றுவது உள்ள நன்மையை விற்பது போன்றது. சட்டமும் இடந்தராது. வண்டி பதிவான அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 சனவரியில் உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்துள்ளது.

கம்பிச் சக்கரத்தில் கம்பியின் முனைகள் ரிம்மைத் துளைத்து நிற்பதால் காற்றை அடைக்க டியூப் வேண்டியிருக்கிறது. (இப்போது டியூப் வேண்டாத கம்பிச் சக்கரங்களும் உண்டு.) டியூபில் ஆணி ஏறினால் காற்று சட்டென இறங்கும். எனவே பயணம் போகிறவர் சக்கரத்தைக் கழற்றி, லீவர் போட்டு, டியூபை எடுத்துப் பஞ்சர் ஒட்டும் வேலையை வீட்டு வாசலில் ஒருமுறையாவது தம் கையால் செய்து பார்க்கவேண்டும். தோழர் எங்கள் கடையில் மூன்று முறை செய்தார். முதல்முறை ஒன்றரை மணி நேரம், மூன்றாம் முறை முப்பத்தைந்து நிமிடம்.

மண்ணில் காற்றைக் குறைத்து ஓட்டுவது வழக்கம். 32ஐ 24 ஆக்கினால் மேற்சொன்ன 89 சதுர சென்டிமீட்டர் 118 ஆகும். ஆனால் மிகக் குறைத்தால் கல் மோதி ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு துளை விழும். டயர் ரிம்மில் நழுவி வால்வைப் பிய்த்தெறியவும் கூடும். தாருக்குத் திரும்பியவுடன் மீண்டும் ஏற்றவேண்டும். ஆதலால் நல்ல அழுத்தமானியும் சிறு பம்பும்தான் நான் சொல்லும் முதல் துணைக்கருவிகள்.

மலையேறினால் டயர் வெடிக்கும் என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. சமவெளியில் 35 பாகை வெப்பத்தில் 32 காட்டிய டயர், காசாவின் ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில், வெளிக்காற்று மெலிவதால், 37 காட்டவேண்டும். ஆனால் அங்கே காலை வெப்பம் 5 பாகை என்றால் உள்ளிருக்கும் காற்றும் சுருங்குகிறது. கணக்குப் போட்டால் 33தான் வருகிறது.

மற்றத் துணைக்கருவிகளில் கைப்பிடிக்குக் காப்பும், என்ஜினுக்கு அடித்தட்டும் வண்டி சாய்ந்தபின்னும் வீடு திரும்ப உதவுபவை. கூடுதல் விளக்கு வேண்டுமானால் இரண்டு 40 வாட் விளக்குகள் 12 வோல்ட்டில் ஏழு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் என்பதை நினைவிற்கொண்டு ரிலே வைத்துப் பூட்டவேண்டும். பெட்டியைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். பின் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் 20 கிலோ பெட்டியை வைத்தால், பின் சக்கரத்தில் ஏறுவது 24 கிலோ. முன் சக்கரத்தில் 4 கிலோ குறைகிறது. திருப்பத்தில் முன் சக்கரம் லேசாவது நல்லதன்று. கனமானவற்றைத் தாழ்வாக, முன்னால் தள்ளிக் கட்டவேண்டும். அலுமினியப் பெட்டிகள் கம்பீரமானவைதாம். ஆனால் விழும்போது காலை அடியில் சிக்கவைக்கும், சந்தைத் தெருவில் பிறரை இடிக்கும். துணிப்பை மேல்.

இந்தப் பெட்டிச் சட்டத்தைப் பூட்டுவதற்காகவே பலர் சாரி கார்டைக் கழற்றி எறிகின்றனர். தோழரும் கழற்றுவதாக இருந்தார். பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடி, கால் மிதி, பின் சக்கரத்தில் பாதியையேனும் மறைக்கும் காப்பு ஆகிய மூன்றையும் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் கட்டாயமாக்கியுள்ளன. சேலை முந்தானை சக்கரக் கம்பியில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை நான் எழுதவேண்டியதில்லை. "உங்க அம்மா என்ன உடுத்தறாங்க?" என்று மட்டும் கேட்டேன். அன்றோடு அந்தப் பேச்சு நின்றது.

இறுதியில் அவர் மாட்டியது பழைய அளவிலேயே, நெருங்கிய கட்டை உடைய 80-20 வகை டயர்கள். இரண்டு துணிப்பைகள், ஓர் அழுத்தமானி, ஒரு கைப்பம்ப், லீவர் மூன்று, மாற்று டியூப் இரண்டு. மிச்சப்பட்ட பணத்தில் தாயாருக்கு ஒரு ஹெல்மெட். புதிய டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். ஆகையால் முதல் நூறு கிலோமீட்டர் வரை திருப்பத்தில் வண்டியை மிகவும் சாய்க்காமலும், பிரேக்கைச் சட்டென அழுத்தாமலும் ஓட்டச் சொல்லி அனுப்பினேன்.