எழுத ஒன்றுமில்லாத நாள்

கேள்வி: நான் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ விடுமுறையிலிருந்து டைரி எழுதி வருகிறேன். பஸ் டிக்கெட் சேர்ப்பதும் என் பழக்கம். டிக்கெட்டை ஒட்டி, அன்றைக்கு நடந்ததை அதன் பக்கத்தில் எழுதுவேன். அண்ணன் அதை எடுத்துப் படித்துவிட்டு, "காலேஜ் போன, கேன்டீன்ல சாப்பிட்ட, வந்த, தூங்கின. இதுக்கு ஒரு நோட்டா? ஒண்ணு பாடத்தைப் படி, இல்லன்னா நாலு பேர் படிக்கிற மாதிரி உருப்படியா ஏதாவது எழுது" என்கிறான். யோசித்தால் எழுதும்படியாக என் வாழ்க்கையில் எதுவும் நடக்கவில்லைதான். தொடர்வதா, விட்டுவிடுவதா? தொடர்ந்தால் எதை எழுதுவது? வீட்டில் யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.
ஒரு மாணவி, விருதுநகர் மாவட்டம்

பதில்: தொடருங்கள். உங்கள் நாட்களில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்று உங்கள் அண்ணன் சொல்வதை நான் மறுக்கவில்லை. அதனால் எழுதுவது வீண் என்று அவர் வந்து சேரும் முடிவைத்தான் மறுக்கிறேன். எந்த நாளை எழுத வேண்டியதில்லை என்று இன்று நினைக்கிறோமோ, அந்த நாளைப் பற்றித்தான் பிற்பாடு அதிகம் தெரிந்துகொள்ள ஆசைப்படுவோம். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டில் டிங் ஜாங் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2014-ல் 'சைக்கலாஜிக்கல் சயன்ஸ்' இதழில் வெளியானது. அண்மையில் நண்பர்களோடு பேசிய பேச்சு, கேட்ட பாட்டுகள், தங்களுக்குள் மட்டுமே புரியும் ஒரு ஜோக் இப்படிச் சில்லறை விஷயங்களை மாணவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து இதைப் படிக்க எவ்வளவு ஆர்வம் இருக்கும் என்று அப்போதே அவர்களிடம் கேட்டு வைத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்துக் கொடுத்தபோது, முன்பு சொன்னதைவிட ஆர்வம் கூடுதலாகவே இருந்தது. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில் ஒரு சாதாரண நாளையும் காதலர் தினத்தையும் எழுதவைத்து ஒப்பிட்டார்கள். சாதாரண நாள் விஷயத்தில்தான் கணிப்பு அதிகம் தவறியது. விசேஷ நாள் நினைவில் நிற்கும் என்று எதிர்பார்க்கிறோம், ஓரளவு நிற்கவும் செய்கிறது. சாதாரண நாளில் மறந்துபோக என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். கல்லூரிக்குப் போன நூறு நாட்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, கடைசியில் 'கல்லூரிக்குப் போனேன்' என்ற ஒரே நாளாகத்தான் மிஞ்சும்.

நம் மொழியிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 27. அவர் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேக்ஸ் காலத்தில் தலைமைத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) ஆனது அதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான். தொடங்கிய நாளில் அவர் ஒரு வணிகர் வீட்டுப் பிள்ளை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடிக்கப்போகிறார்கள் என்பதோ, தான் அதைப் பற்றி எழுதப்போகிறோம் என்பதோ அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? கப்பல் வந்தது, சரக்கு விற்றது, கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று பேச்சுத் தமிழில் எழுதிக்கொண்டே போனார், 1761-ல் இறக்கும் காலம் வரை. கோட்டையையும் போரையும் பற்றிய செய்தி பிரெஞ்சு, ஆங்கிலக் கம்பெனிகளின் காகிதங்களிலும் கிடைக்கும். அந்த ஊரில் ஒரு தமிழர் வீட்டில் அன்றாடம் என்ன பேசிக்கொண்டார்கள், யார் யாரிடம் எந்தக் குரலில் பேசினார்கள் என்பதற்கு வரலாற்றாசிரியர்கள் இவரிடம்தான் வரவேண்டியிருக்கிறது. 1846-ல் பழைய ஏடுகளிலிருந்து வெளிப்பட்ட அந்தக் குறிப்பை, பின்னால் சென்னை அரசாங்கம் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. உங்கள் நோட்டும் அச்சேறும் என்று நான் ஆசைகாட்டவில்லை. எது முக்கியம் என்று எழுதும் நாளில் எழுதுகிறவருக்கே தெரியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வேதியியல் மாணவி என்பதால் சொல்வது எளிது. லேப்பில் அப்சர்வேஷன் நோட்டு ஒன்று, ரெக்கார்டு நோட்டு ஒன்று என்று இரண்டு வைத்திருப்பீர்கள். டைரி அப்சர்வேஷன் நோட்டு மாதிரி இருக்கவேண்டும்: கண்ட அளவு, கண்ட நிறம், கண்ட நேரத்திலேயே, அடித்தல் திருத்தலோடு. "இன்று கல்லூரிக்குப் போனேன். பஸ்ஸில் கூட்டம். லேப் இருந்தது. டயர்டாக இருந்தது" என்று எழுதினால், அண்ணன் சொன்னதையே நீங்களும் எழுதுகிறீர்கள். அதே நாளை இப்படி எழுதிப் பாருங்கள்: "ஏழே முக்கால் டவுன் பஸ் வரவில்லை. எட்டேகாலுக்கு வந்ததில் படிக்கட்டு வரை ஆள். கேன்டீனில் சால்னா தீர்ந்துபோய் புரோட்டாவுக்குச் சாம்பார் ஊற்றினார்கள், பக்கத்தில் இருந்தவள் தொடவே இல்லை. சால்ட்டில் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் துப்பட்டாவில் ஏறி வீடு வரை வந்தது." முன்னதைவிட இது எழுத இரண்டு நிமிடம் கூடுதலாகும். ஆனால் பத்து வருஷம் கழித்து அந்த நாற்றத்தோடு அந்த நாள் திரும்பி வரும். நேரம், விலை, பேர், ஒருவர் சொன்ன வார்த்தையை அவர் சொன்னபடியே, இந்த நான்கில் குறைந்தது இரண்டு ஒவ்வொரு நாளும் இருக்கட்டும். 'நன்றாக இருந்தது', 'போர் அடித்தது' என்று மட்டும் எழுதிவைத்தால் பிறகு அதிலிருந்து எதையும் மீட்க முடியாது.

உங்கள் டிக்கெட் சேகரிப்பையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன், அதை நீங்கள் லேசாக நினைக்கவேண்டாம். கட்டுக் கட்டாக வண்ணத் தாளில் அச்சடித்து, கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் டிக்கெட் நம் கண்ணெதிரே மறைந்துவருகிறது. 2021 மே மாதம் தமிழ்நாட்டு அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பயணத்துக்கும் டிக்கெட் உண்டு, உங்கள் நோட்டிலும் அது நிறைய இருக்கும். எத்தனை பெண்கள் எத்தனை முறை போனார்கள் என்ற கணக்கை அரசு வைத்திருக்கும். மிச்சமான காசை ஒரு மாணவி என்ன செய்தாள், அந்த பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்ததா, அவளிடம் யார் எப்படிப் பேசினார்கள் என்பது எந்தக் கணக்கிலும் வராது, உங்கள் நோட்டில்தான் வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மெஷினில் அடித்துத் தருகிற டிக்கெட் வெப்பத்தில் கறுக்கும் தாள். வெயிலில் எழுத்து மங்கும், சூடு பட்டால் தாளே கறுத்துவிடும், சிலவகை பிளாஸ்டிக் உறைகளும் சில பசைகளும் அதை இன்னும் சீக்கிரம் அழித்துவிடும். ஒட்டின அன்றே தடம், தேதி, நேரம், கட்டணம் நான்கையும் பேனாவால் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

பொழுதுபோக்கோடு குறிப்பெழுதும் பழக்கமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பறவையியலாளர் சாலிம் அலியைப் பார்க்கலாம். பத்து வயது வாக்கில் அவர் ஒரு சிட்டுக்குருவிக் கூட்டைப் பற்றிச் சிறு குறிப்பு எழுதிவைத்தார். பெண் குருவி உள்ளே முட்டைமேல் உட்கார்ந்திருக்க, வெளியே ஆணியில் காவலிருந்த ஆண் குருவியைச் சுட்டார் (அந்தக் காலத்துச் சிறுவர் விளையாட்டு அது). சீக்கிரமே வேறொரு ஆண் அந்த இடத்துக்கு வந்தது. அதையும் சுட, இன்னொன்று வந்தது. சிறுவன் கண்டதைக் கண்டபடி, எத்தனை நாளில் எத்தனை என்று எண்ணிக்கையோடு எழுதியிருந்ததால், பல பத்தாண்டுகள் கழித்து அது பறவை ஆர்வலர்களுக்கான இதழ் ஒன்றில் ஏறத்தாழ அப்படியே அச்சானது. 'இன்று குருவி சுட்டேன், ஜாலியாக இருந்தது' என்று எழுதியிருந்தால் அதற்கு அந்த மதிப்பு வந்திருக்காது.

"நாலு பேர் படிக்கிற மாதிரி எழுது" என்ற அண்ணனின் யோசனைக்கு வருகிறேன். அதில் நியாயம் உண்டு, ஆனால் அது பிறகு செய்யவேண்டிய வேலை. பின்னாளில் நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் 1942-ல் பதின்மூன்றாம் பிறந்தநாளில் டைரி எழுதத் தொடங்கினாள், தனக்காக. 1944 மார்ச்சில், போர்க்காலக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் திரட்டப்போவதாக நெதர்லாந்து அமைச்சர் ஒருவர் லண்டனிலிருந்து வானொலியில் பேசியதைக் கேட்டபிறகுதான், வெளியிடும் எண்ணத்தோடு எல்லாவற்றையும் திருத்தி எழுதத் தொடங்கினாள். சிலதை நீக்கினாள், ஆட்களுக்கு வேறு பெயர் வைத்தாள். அதனால் இரண்டு வடிவங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. முதலில் யாருக்காகவும் அல்லாமல் எழுதியது இருந்ததால்தான் இரண்டாவதைச் செய்யமுடிந்தது. அவள் ஒளிந்து வாழ்ந்ததால்தானே அந்த டைரிக்கு மதிப்பு, என் கல்லூரி வாழ்க்கையில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கொடுமை நமக்கு ஏராளமான ஆவணங்களிலிருந்தும் தெரியும். அவள் டைரியில் இருப்பது உருளைக்கிழங்கு உரிப்பதும், குளிக்க இடம் பார்ப்பதும், தபால்வழியில் சுருக்கெழுத்து படித்ததும், அரச குடும்பங்களின் வம்சாவளிப் பட்டியல் போடும் பொழுதுபோக்கும். சினிமா நட்சத்திரங்களின் படங்களை அவள் ஒட்டிவைத்த சுவர் ஆம்ஸ்டர்டாமில் இன்றும் இருக்கிறது. எல்லாச் சிறுமிகளையும் போன்ற ஒரு சிறுமி என்று அந்தச் சில்லறை விவரங்கள் காட்டுவதால்தான் நடந்த கொடுமை நமக்கு உறைக்கிறது.

போனில் போட்டோ இருக்கிறதே, எழுதுவானேன் என்று உங்கள் தோழிகள் கேட்கக்கூடும். போட்டோவை நான் குறைத்துப் பேசமாட்டேன், எழுத்தால் முடியாததை அது செய்கிறது. ஆனால் லிண்டா ஹெங்கல் என்ற உளவியலாளர் அருங்காட்சியகம் ஒன்றுக்கு மாணவர்களை அழைத்துப்போய்ச் சோதித்ததில், சும்மா நின்று பார்த்த பொருள்களைவிடப் படம் எடுத்த பொருள்கள் அவர்களுக்குக் குறைவாகவே நினைவிருந்தன. கேமரா வைத்துக்கொள்ளும் என்று மனம் பொறுப்பை அதனிடம் விட்டுவிடுகிறது போலும். அதே ஆய்வில், ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் கிட்டத்தில் பிடித்து எடுத்தவர்களுக்கு அந்த மறதி ஏற்படவில்லை. உற்றுப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். எழுத உட்கார்ந்தால் உற்றுப் பார்க்காமல் முடியாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு, நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்லியாகவேண்டும். டைரி எழுதுகிற பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே சுருண்டு, வருத்தத்தையே திரும்பத் திரும்பக் கிளறிக்கொண்டிருப்பார்கள் என்று பெரியவர்கள் பயப்படுவதில் உண்மை இருக்கிறது. 1989 அக்டோபரில் கலிபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்புதான் சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் மனப்போக்கை அளந்து வைத்திருந்தார். மனம் சோரும்போது அந்தச் சோர்வையே அசைபோடும் பழக்கம் முன்பே இருந்தவர்கள்தான் நிலநடுக்கத்துக்குப் பிறகு அதிகம் தளர்ந்துபோனார்கள். எழுதினாலே மனபாரம் குறையும் என்று பொதுவாகச் சொல்வதை இதனாலேயே நான் ஏற்கமாட்டேன். எப்படி எழுதுகிறோம் என்பதில் வித்தியாசம் இருக்கிறது. உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாள், நாளுக்குக் கால் மணி நேரம், மனதைப் பாதித்த சம்பவத்தை எழுதினார்கள். நடந்ததையும் தாங்கள் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் கல்லூரி மருத்துவமனைக்குக் குறைவாகப் போனார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் கனத்ததும் உண்மை. பிந்தைய ஆய்வுகள் பலவற்றைத் திரட்டிப் பார்த்தால் இந்தப் பலன் இருக்கிறது, ஆனால் சிறியது. ஆகவே, ஒரே வருத்தத்தை அதே வார்த்தைகளில் பல நாளாக எழுதுகிறீர்கள் என்று தெரிந்தால், அன்று உணர்ச்சியை நிறுத்திவிட்டு நடந்ததை மட்டும் வரிசையாக எழுதுங்கள்: யார் என்ன சொன்னார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், அதற்கு முன் என்ன நடந்திருந்தது. அப்படியும் தீராவிட்டால் நோட்டை மூடிவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடமோ கல்லூரி ஆலோசகரிடமோ போய்ப் பேசுங்கள்.

செமஸ்டர் நேரத்தில் ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும். ஒரு வாரம் விட்டுப்போனால் விட்டதையெல்லாம் உட்கார்ந்து நிரப்பவேண்டாம், அன்றைய தேதியிலிருந்து எழுதுங்கள்.

கடைசியாக, வீட்டில் படித்துவிடுவார்களே என்ற பயம். நம் வீடுகளில் பூட்டுகிற மேஜையோ தனி அறையோ எல்லாப் பெண்களுக்கும் கிடையாது, மறைத்து வைப்பதாலேயே சந்தேகம் வருவதும் உண்டு. சங்கேத எழுத்தில் எழுதினால் பத்து வருஷத்தில் உங்களுக்கே புரியாமல் போகும். டிக்கெட் ஒட்டின நோட்டை வெளிப்படையாகவே வையுங்கள், அதில் ஊர், பஸ், லேப், கேன்டீன் இருக்கட்டும், அம்மா பார்த்தால் பார்க்கட்டும். மனதைக் குடைவதைத் தனித்தாளில் எழுதுங்கள், வேண்டுமானால் எழுதி முடித்ததும் கிழித்துவிடுங்கள். அந்த எழுத்தின் பயன் பெரும்பாலும் எழுதும்போதே கிடைத்துவிடும். தோழிகள் நம்பிச் சொன்னதை எந்தத் தாளிலும் அவர்கள் பெயரோடு எழுதவேண்டாம், அது உங்களுடைய ரகசியம் அல்ல. அண்ணன் கேட்காமல் எடுத்துப் படித்தது தவறு. அதை அவரிடம் சண்டையில்லாமல், ஆனால் நேராகவே சொல்லுங்கள். பக்கத்தில் அம்மா இருக்கும்போது சொன்னால் இன்னும் நல்லது.