மொட்டை டயருக்கு ஆயுள் உண்டா?



என் அப்பா திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே வேன் ஓட்டுகிறார். நம் பள்ளிப் பிள்ளைகள் சிலரும் அதில்தான் வருகிறார்கள். சென்ற ஐப்பசி மழையில் கூட்டேரிப்பட்டு அருகே அப்பா பிரேக் போட்டார். வேன் நிற்கவில்லை. சோப்பு போல வழுக்கிக்கொண்டே போய், முன்னால் நின்ற லாரியை ஒட்டி மண்ணில் இறங்கித்தான் நின்றது. யாருக்கும் அடி இல்லை. நான் முன் சீட்டில் இருந்தேன். அன்று ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை.

மறுநாள் குனிந்து பார்த்தேன். முன் டயர் இரண்டும் மொட்டை!

"அப்பா, டயரை மாத்திடலாம்ப்பா" என்றேன்.

"பொங்கல் வரைக்கும் தாங்கும்டா. ரேஸ் காரே பட்டன் இல்லாத டயர்லதான் அவ்ளோ வேகமா ஓடுது. இது ஓடாதா?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். "நீயே கண்டுபிடிச்சு சுவர் இதழ்ல எழுதுடா" என்றார். அப்படி வந்ததுதான் இந்தக் கட்டுரை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அண்ணன் பெரிதும் உதவினார். அவர் முன்பு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயங்களில் டயர் கழற்றி மாட்டும் வேலை பார்த்தவர்.

பந்தயம் நம் பக்கத்தில்தான்!

கார் பந்தயம் என்றால் வெளிநாடு என்று நினைக்க வேண்டாம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. பிறகு 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதையே கட்டினார்கள். கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார் செய்து பல இளைஞர்களைப் பழக்கினார்.

இப்படிச் சொந்தக் காசில் ஓட்டுபவர்களுக்குப் பெரிய செலவுகளில் ஒன்று டயர். அதனால் ஒரு செட் டயரை எத்தனை நாள் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டுத்தான் ஓட்டுவார்கள். எங்கள் வீட்டுக் கவலைதான் அவர்களுக்கும்!

ரேஸ் டயர் ஏன் மொட்டை?

ஒரு டயர் ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். காய்ந்த ரோட்டில் எவ்வளவு ரப்பர் தரையில் படுகிறதோ அவ்வளவு நல்லது. அதனால் பட்டனே இல்லாத 'ஸ்லிக்' டயர் போடுகிறார்கள். அதன் ரப்பர் மிக மென்மையானது. சூடேறினால் பசை போல் ஒட்டும்.

பட்டன் எதற்கு? தண்ணீருக்கு! ரோட்டில் நிற்கும் நீர் பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளம் வழியாக வெளியே போகிறது. பள்ளம் இல்லாவிட்டால் நீர் டயருக்கு அடியில் சிக்கி டயரையே தூக்கிவிடும். பிறகு ஸ்டீயரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது.

"மழை வந்தா ரேஸ்காரன் முதல் வேலையா ஸ்லிக்கைக் கழட்டிட்டு பள்ளம் வெச்ச டயரை மாட்டுவான் தம்பி. இதை உங்கப்பாகிட்ட சொல்லு" என்றார் அண்ணன். ரேஸ் டயர் மொட்டையாகவே பிறந்தது. நம் டயர் தேய்ந்து மொட்டையானது. இரண்டும் ஒன்றல்ல!

டயர் ஆயுளை நீட்டப் பந்தயக்காரர்கள் செய்வது

1. சூடு காட்டி ஆற வைத்தல்: புது டயரை முதல் நாளே விரட்ட மாட்டார்கள். சில சுற்றுகள் மெதுவாக ஓட்டிச் சூடேற்றி, ஒரு நாள் ஆற விடுவார்கள். இதனால் ரப்பர் சீராக இறுகி அதிக நாள் உழைக்கும்.

2. இடம் மாற்றுதல்: வலப்பக்க வளைவு அதிகம் உள்ள பாதையில் இடப்பக்க டயர்தான் அதிகம் தேயும். அதனால் டயர்களை இடம் மாற்றி மாட்டுவார்கள்.

3. சூட்டை அளத்தல்: ஓடி வந்தவுடன் டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடத்தில் சூடு பார்ப்பார்கள். நடுவில் அதிகம் சுட்டால் காற்று அதிகம். ஓரங்களில் அதிகம் சுட்டால் காற்று குறைவு. ஒரே ஓரம் மட்டும் அதிகம் சுட்டால் சக்கரத்தின் சாய்வைச் சரிபார்க்க வேண்டும்.

4. பழையதைப் பயிற்சிக்கு வைத்தல்: நல்ல டயர் பந்தயத்துக்கு, பாதி தேய்ந்தது பயிற்சிக்கு.

5. பாதுகாத்தல்: வெயில் படாமல், பிளாஸ்டிக் பையில் சுற்றி இருட்டறையில் வைப்பார்கள். வெயிலும் காற்றும் பட்டால் ரப்பர் இறுகி வெடிப்பு விடும்.

6. சக்கரத்தைப் பூட்டாமல் பிரேக் போடுதல்: சக்கரம் சுழலாமல் இழுபட்டால் டயர் ஒரே இடத்தில் தட்டையாகத் தேய்ந்துவிடும்.

இத்தனையும் டயர் நன்றாக இருக்கும்போதே செய்பவை. உள்ளே நூல் தெரிந்தபின் அதை யாரும் பாதையில் இறக்குவதில்லை.

உங்களுக்குத் தெரியுமா?

★ 2005-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஒரு விதி இருந்தது. தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே செட் டயர்தான்! அந்த ஆண்டு மே மாதம் ஜெர்மனியில் கிமி ரெய்க்கோனனின் முன் டயர் ஒன்று தட்டையாகத் தேய்ந்தது. அந்த அதிர்விலேயே கடைசிச் சுற்றில் சஸ்பென்ஷன் உடைந்தது. முதலில் போய்க்கொண்டிருந்தவர் தோற்றார்.

★ அடுத்த மாதம் அமெரிக்காவில், தங்கள் டயர் தாங்காது என்று தெரிந்ததால் 14 கார்கள் பந்தயம் தொடங்கும் முன்பே விலகின. மீதி ஆறு கார்கள் மட்டும் ஓடின. அதில் நான்காவதாக வந்தவர் நம் கோவை நரேன் கார்த்திகேயன்! ஃபார்முலா 1-ல் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

காற்றுக் கணக்கு

இயற்பியல் பாடத்தை இங்கே பயன்படுத்தலாம். காலையில் 30°C-ல் டயரில் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். ஓடி ஓடி உள்ளே 60°C ஆகிறது. அழுத்தம் எவ்வளவு?

வெளிக்காற்றின் அழுத்தம் 14.7-ஐக் கூட்டினால் 44.7.
வெப்பநிலை: 303 கெல்வினிலிருந்து 333 கெல்வின்.
44.7 × 333 ÷ 303 = 49.1
49.1 − 14.7 = 34.4 பவுண்டு.

காற்று அடிக்காமலே 4 பவுண்டுக்கு மேல் ஏறிவிட்டது! ஆகவே வண்டி ஓடி வந்த சூட்டோடு "காத்து ஜாஸ்தி" என்று இறக்கிவிடக் கூடாது. ஆறியபின் குறைந்துபோகும். காற்று குறைந்த டயர் அதிகம் மடங்கும், அதிகம் சுடும், சீக்கிரம் தேயும். காலையில் டயர் ஆறியிருக்கும்போது அளப்பதே சரி.

ரீபட்டன் போடலாமா?

தேய்ந்த டயருக்கு மறுபிறவி கொடுப்பதுதான் ரீட்ரெடிங். நம் ஊரில் ரீபட்டன் என்போம். உள்கூடு நன்றாக இருந்தால் தேய்ந்த மேல்பாகத்தைச் சுரண்டி, புது ரப்பர் பட்டை ஒட்டி, சூட்டிலும் அழுத்தத்திலும் வேக வைப்பார்கள். லாரி, பஸ்களில் இது சாதாரணம். பெரும்பாலும் பின் சக்கரத்துக்கே போடுவார்கள். திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், டயர் செய்வதற்கு முன்பே 1952-ல் இந்த ரீட்ரெடிங் ரப்பரைத் தயாரித்தது!

ஆனால் மொட்டை டயரில் சூடான கத்தியால் பள்ளம் வெட்டுவது வேறு. அப்படி வெட்டலாம் என்று டயரிலேயே குறிப்பிட்டிருந்தால்தான் வெட்டலாம். இல்லாவிட்டால் மிச்சம் இருக்கும் ரப்பரும் போய் நூல் வெளியே வரும். அப்பா இதைத்தான் கேட்டார். அண்ணன் மறுத்துவிட்டார். "காசு வேணாம்ணே. புள்ளைங்களை ஏத்துற வண்டி" என்றார்.

செய்து பாருங்கள்

• டயர் பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. சட்டப்படி கார், வேனுக்கு 1.6 மி.மீ., இருசக்கர வண்டிக்கு 0.8 மி.மீ. ஆழமாவது வேண்டும். ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால் அளக்கலாம்.

• டயர் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது.

நான் ஸ்கேலோடு போய் அளந்தேன். முன் டயரில் ஒரு கோடுகூட இறங்கவில்லை. அப்பாவையே அளந்து பார்க்கச் சொன்னேன். மழையில் ரேஸ்காரர்கள் செய்வதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அந்த வாரமே அம்மாவின் சீட்டுப் பணத்தில் முன்னால் இரண்டு புது டயர் வந்தது. பின்னால் இருப்பவை இன்னும் ஓடும். திங்கட்கிழமை காலைதோறும் காற்று அளப்பது இப்போது என் வேலை.

நண்பர்களே! ஆயுளை நீட்ட வேண்டியது தேய்வதற்கு முன்னால். தேய்ந்தபின் நீட்டினால் டயரின் ஆயுள் கூடாது, நம் ஆயுள்தான் குறையும். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் உங்கள் வண்டி டயரை ஒருமுறை குனிந்து பாருங்கள்.



- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்