வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: என் அப்பா இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். நான்கு மாதத்துக்கு முன் விடியற்காலையில், மழை விட்ட சரிவில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. இன்னும் கத்தியைப் பிடிக்க முடியவில்லை. "கவனமில்லாமல் விழுந்ததற்குத் தோட்டம் என்ன செய்யும்?" என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். போன வாரம் டவுனில் ஒரு நோட்டீஸ் கிடைத்தது. "தொழில் விபத்தா? 20 இலட்சம் வரை நட்டஈடு. வெற்றி நிச்சயம். முன்பணம் வேண்டாம்" என்று போட்டிருந்தது. போன் எடுத்ததும் ஒருவர் லயத்துக்கே வந்தார். கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு அவருக்காம். வெற்றுத் தாளில் கையெழுத்தும், அப்பாவின் அடையாள அட்டையும், கிளினிக் கொப்பியும் இந்தக் கிழமைக்குள் வேண்டுமாம். நம்பலாமா? இப்படி விளம்பரம் செய்யச் சட்டம் இடம் தருகிறதா?

— வாசகி, இரத்தினபுரி மாவட்டம்

பதில்: முதலில், அந்தத் தாளில் அப்பா கையெழுத்துப் போட வேண்டாம். அடையாள அட்டையும் கிளினிக் கொப்பியும் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பிரதி கேட்டாலும் யாருக்கு, எதற்கு என்று தெரியாமல் கொடுக்காதீர்கள்.

ஆபீஸில் சொன்னது சரியல்ல. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின்போது வேலை காரணமாக ஏற்பட்ட விபத்துக்குத் தொழில்கொள்வோர் பொறுப்பு. தோட்டம் தவறு செய்தது என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. வழுக்கி விழுந்ததனால் மட்டும் உரிமை போய்விடாது. 2022இல் வந்த திருத்தம், வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது.

அந்த நோட்டீஸில் உள்ள 20 இலட்சமும் அதே திருத்தத்தில் வந்ததுதான். 550,000 ரூபாவாக இருந்த உச்ச வரம்பு 2,000,000 ரூபாவாக உயர்ந்தது. ஆனால் அது வரம்பு மட்டுமே, எல்லோருக்கும் கிடைக்கிற தொகை அல்ல. சம்பளத்தையும், காயத்தால் உழைக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதையும் பார்த்துத்தான் நட்டஈடு கணக்கிடப்படும். அதனால் உங்கள் அப்பாவின் கையைப் பரிசோதிக்காத ஒருவர் தொகையைக் காட்டி ஆசை மூட்டுவதும், "வெற்றி நிச்சயம்" என்பதும் தவறு.

இனி விளம்பரம். வந்தவர் சட்டத்தரணியானால் அவருக்கு இது தடை. 1988இல் உயர் நீதிமன்றம் வகுத்த சட்டத்தரணிகளின் நடத்தை, ஒழுக்க விதிகள் தொழிலை விளம்பரம் செய்வதையும், ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதையும் அனுமதிப்பதில்லை. மீறியவரின் பெயரைச் சட்டத்தரணிகள் பட்டியலிலிருந்தே நீக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. எனவே அவருடைய முழுப் பெயரையும், சட்டத்தரணியா என்பதையும் கேளுங்கள்.

சட்டத்தரணி இல்லை என்றால் அந்த விதிகள் அவரைத் தொடாது. நட்டஈட்டு முகவர்களுக்கென்று தனி அனுமதிமுறையும் இங்கே இல்லை. பிரித்தானியாவில் 2019 ஏப்ரலிலிருந்து இப்படியான நிறுவனங்களை நிதி நடத்தை அதிகார சபை கண்காணிக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் காய நட்டஈடு பற்றிச் சட்டத்தரணிகள் விளம்பரம் செய்வதையே தடுத்தது. அந்தத் தடை செல்லும் என்று 2005இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காயப்பட்டவர் பணமில்லாமலும் பயத்தோடும் இருக்கும் நேரத்தில் அவரைத் தேடிப் போய்ப் பிடிப்பது சந்தை வியாபாரம் போன்றதல்ல என்பதை அங்கே உணர்ந்திருக்கிறார்கள். மலையேறி லயத்துக்கு வருகிற முகவர்களுக்கும் இங்கே அப்படியொரு சட்டம் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அதுவரை நமக்கு இருப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். பொருளோ சேவையோ விற்கிறவர் மக்களை ஏமாற்றும்படி நடப்பதையும், பொய்யான உறுதி தருவதையும் அது தடுக்கிறது. நோட்டீஸைப் பத்திரமாக வைத்துக்கொண்டு 1977 என்ற இலக்கத்தில் முறையிடுங்கள்.

மூன்றில் ஒரு பங்குக்கு வருவோம். இந்த நட்டஈட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்றி எழுதிக் கொடுக்க முடியாது. தொழிலாளியின் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் ஒப்பந்தமும் செல்லாது. வெற்றுத் தாள் கேட்பதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். பிறகு அதைக் கடன் பத்திரமாகக்கூட நிரப்பிவிடலாம் அல்லவா?

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விபத்து நடந்த நாள், நேரம், மலை, பார்த்தவர்கள் பெயர் ஆகியவற்றை எழுதித் தோட்ட நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, சம்பளச் சீட்டுகளைப் பிரதி எடுங்கள். பிறகு தொழில் அலுவலகத்துக்குப் போய், தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். சட்டத்தரணி இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். அப்பா சந்தா கட்டுகிற சங்கத்தின் தலைவரை உடன் வரச் சொல்லுங்கள், அந்தச் சந்தா இதற்கும்தான். வழக்கு என்று வந்தால், வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவும். சிங்களத்தில் படிவம் நீட்டினால் தயங்க வேண்டாம். அரச அலுவலகத்தில் தமிழில் எழுதவும் பதில் பெறவும் அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது.

விண்ணப்பத்துக்கு விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருடக் காலம் உண்டு. நான்கு மாதம் போய்விட்டது, இருபது மாதம் இருக்கிறது. "இந்தக் கிழமைக்குள்" என்பது அவர் வைத்த கெடு, சட்டம் வைத்ததல்ல. நாளைக்குத் தபால் கந்தோர் திறந்ததும் அந்தக் கடிதத்தைப் போட்டுவிடுங்கள்.