விலங்குரு ஏந்திய கலங்கள்

நுழையும்முன்

கருவி பயன்பாட்டிற்கு உரியது. அதற்கு விலங்கின் வடிவம் எதற்கு? வாழ்ந்தோர்க்கு உதவிய பொருளை இறந்தோருடன் புதைத்தது எதற்கு? தொல்பொருள்கள் எழுப்பும் இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

தாமிரபரணிக் கரையின் தொன்மையை அறிய, அடையாற்றில் வாழும் மாணவர் ஒருவர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஆதிச்சநல்லூர் வெண்கலங்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலேயே பாதுகாக்கப்படுகின்றன. அலெக்சாண்டர் ரீ 1899ஆம் ஆண்டு தொடங்கி 1905 வரை அங்கு அகழாய்வு செய்தார். முதுமக்கள் தாழிகளோடு இரும்புக் கருவிகளும் பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் வெளிப்பட்டன. அவ்வெண்கலங்களில் எருமை, ஆடு, சேவல் ஆகிய வளர்ப்புயிர்களும் புலி, மான், யானை ஆகிய காட்டுயிர்களும் உருப்பெற்றுள்ளன. தொழுவமும் காடும் அம்மக்களின் வாழ்வில் ஒருங்கே இடம்பெற்றிருந்தமையை இவை உணர்த்துகின்றன.

நைல் கரையிலும்

இதனினும் மிகப் பழைமையான சான்றுகள் எகிப்தில் உள்ளன. பிளிண்டர்ஸ் பெட்ரி 1895இல் அகழ்ந்த நக்காடா கல்லறைகளில், மீன், ஆமை, பறவை முதலிய வடிவங்களில் செதுக்கிய கற்பலகைகள் கிடைத்தன. மலக்கைட் என்னும் பச்சைநிறச் செம்புக் கனிமத்தை அவற்றின்மீது கூழாங்கல்லால் அரைத்துக் கண்ணுக்கு மையாகத் தீட்டினர். எனினும், இவ்வொப்புமை ஒன்றைக்கொண்டு இரு நிலத்தார்க்கும் தொடர்பு இருந்ததெனக் கொள்ளுதல் பொருந்தாது. பயன்படுபொருளையும் அழகுறச் செய்தல், அன்புக்குரியோரை வெறுங்கையோடு அனுப்ப மனம் ஒவ்வாமை ஆகியன மாந்தர்க்குப் பொதுவான இயல்புகள்.

இடமும் சான்றே

ஒவ்வொரு கல்லறையிலும் எவையெவை ஒருங்கிருந்தன எனப் பெட்ரி குறித்துவைத்தார். அக்குறிப்புகளே காலவரிசையை வகுக்க உதவின. வணிகர் கைமாறி வந்த பலகைகளோ வடிவத்தை மட்டுமே காட்டுகின்றன. எவ்விடத்தில், எவரருகில் இருந்தன என்பதைச் சொல்வதில்லை. பொருள் எஞ்சியும் அதன் வரலாறு அழிந்துவிடுகிறது.

கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவரை வேண்டுவதைப் புறநானூறு காட்டுகிறது. தாழி என்பது வெறும் மட்கலம் அன்று; ஒரு குடும்பத்தின் துயரமும் அதனுள் அடங்கியுள்ளது. ஆகவே, நிலத்தில் பழைய ஓடோ கல்லோ தென்படின் அதனைப் பெயர்த்தெடுத்தல் கூடாது. கிடந்த இடத்திலேயே விட்டுத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தலே கடமை.