செட்டிங்ஸ் பைலைப் படிக்கும் ஷெல் ஸ்கிரிப்ட்

சங்கரன்கோவிலில் என் மாமா துணிக்கடை வைத்திருக்கிறார். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குத் தரத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் ஒன்று அவர் மகளுக்குக் கிடைத்தது. அதில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. மகள் வேலைக்குப் போனதும் லேப்டாப் கடைக்கு வந்தது. கணக்கு பைல்களை தினமும் பென்டிரைவில் காப்பி செய்து, 30 நாளுக்கு முந்தைய காப்பிகளை அழிக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன்.

மாமா ஸ்கிரிப்ட்டைத் தொடக்கூடாது என்று, மாறக்கூடிய விவரங்களை மட்டும் தனி டெக்ஸ்ட் பைலில் வைத்தேன். இதுதான் செட்டிங்ஸ் பைல். (இங்கே தமிழில் உள்ள கட்டளைகளை நீங்கள் ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்.)

# காப்பி போகும் இடம்
போல்டர்=/மீடியா/கடை/கணக்கு
டேஸ்=30

# குறியில் தொடங்கும் வரி நமக்கான குறிப்பு. சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது.

முதல் முறை

ஸ்கிரிப்ட்டில் இந்த ஒரு வரி போதும்:

. ./செட்டிங்ஸ்.கான்ஃப்

புள்ளி, ஓர் இடைவெளி, பிறகு பைல் பெயர். இனி $போல்டர், $டேஸ் என்று பயன்படுத்தலாம். சுலபம்தான். ஆனால் ஷெல் அந்தப் பைலைப் படிப்பதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு வரியையும் கட்டளையாகவே இயக்குகிறது.

ஒரு நாள் மாமா போல்டர் பெயரை "கணக்கு காப்பி" என்று மாற்றினார். நடுவில் இடைவெளி! ஷெல் "காப்பி" என்பதை ஒரு கட்டளையாக நினைத்துத் தேடியது. கிடைக்கவில்லை என்று பிழைச்செய்தி காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனது. $போல்டர் காலியாகவே இருந்தது. "$போல்டர்/" என்பது வெறும் "/" ஆனது, அதாவது முழு ஹார்டு டிஸ்க். மாமாவின் 30 நாளுக்கு முந்தைய பைல்கள் எல்லாம் அழிந்தன. பில் புத்தகத்தைப் பார்த்து மூன்று இரவு உட்கார்ந்து திரும்ப டைப் செய்தோம். மாமா திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

2015-ல் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் ஸ்கிரிப்ட்டிலும் இதே வகைப் பிழை வெளிவந்தது. போல்டர் பெயர் காலியாகி, பயன்படுத்தியவரின் பைல்கள் அழிந்தன.

இரண்டாம் முறை

வைல் ஐஎஃப்எஸ்='=' ரீட் -ஆர் நேம் வேல்யூ
டூ
கேஸ் "$நேம்" இன்
போல்டர்) போல்டர்="$வேல்யூ" ;;
டேஸ்) டேஸ்="$வேல்யூ" ;;
ஈசாக்
டன் < செட்டிங்ஸ்.கான்ஃப்

இது வரி வரியாகப் படித்து, சமக்குறியில் பிரித்து, நமக்குத் தெரிந்த இரண்டு பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எதையும் இயக்காது. பெயரில் இடைவெளி இருந்தாலும் சிக்கல் இல்லை; மேற்கோள் குறியும் இட வேண்டாம். கடைசி வரிக்குப் பின் என்டர் தட்ட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அந்த வரி விட்டுப்போகும்.

அதன் கீழே இந்தக் காவல் வரியைச் சேருங்கள்:

[ -டி "$போல்டர்" ] || எக்சிட் 1

அப்படியொரு போல்டர் இல்லை என்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். பெயர் காலியாக இருந்தாலும், பென்டிரைவ் செருகாவிட்டாலும் எதுவும் அழியாது. விண்டோஸ் நோட்பேடில் பைலைத் திருத்தினால் வரிக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து சேரக்கூடும். அப்போதும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். லினக்ஸ் எடிட்டரில் புதிதாக டைப் செய்யுங்கள்.

அழிக்கும் ஃபைண்ட் கட்டளையில் முதலில் -டெலீட்டுக்குப் பதில் -பிரிண்ட் கொடுத்து, எந்தப் பைல்கள் அழியும் என்ற பட்டியலைப் பாருங்கள். திருப்தியான பிறகு மாற்றுங்கள்.

பயிற்சிக்கு, டெர்மினலில் கேட் /இடிசி/ஓஎஸ்-ரிலீஸ் என்று கொடுங்கள். உங்கள் லினக்ஸின் பெயர், பதிப்பு எல்லாம் இதே பெயர்=மதிப்பு வடிவில் வரும். இடைவெளி உள்ள மதிப்புகள் மேற்கோள் குறிக்குள் இருப்பதைக் கவனியுங்கள். ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்!